கழுதை ஏறியவரும் கள்ளக் கையெழுத்திட்டவரும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள சோழர் காலக் கல்வெட்டைக் காட்டி, ஜனநாயகம் பிறந்த இடம் என்று நெகிழ்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நெகிழ்ச்சி வருவதில்லை. கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவனுக்கு அந்த ஊர்ச் சபையின் வாரியங்களில், அதாவது குழுக்களில், பொதுவாக இடம் கிடையாது. வருவாய்த் துறையில் வேலை பார்த்து, தேர்தல்களில் வேட்புமனுப் பரிசீலனை மேசையில் உட்கார்ந்தவன் என்பதால், என் கண் போவது யார் யார் நிற்கக்கூடாது என்ற பட்டியலுக்குத்தான்.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் சபை செய்த ஏற்பாடுகள் அவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோரின் பெயரை, குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையில் எழுதக்கூடாது. குற்றத்துக்காகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவருக்கும் அதே கதி. அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார் கூடலேகை செய்தவர், அதாவது கள்ள ஆவணம் எழுதியவர்.

ஓலை எடுக்கும் முறையிலும் கள்ளத்தனம் பற்றிய பயம் தெரிகிறது. கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்குள்ள நம்பிமார் அத்தனை பேரும் வாசிப்பார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலை இருந்துவிடக் கூடாதே! பட்டறியாத சபை இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதாது.

நம் காலத்துக்கு வருவோம். 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துக் கையெழுத்து என்றதும் எங்கள் மேசைக்குத் தலைவலி கூடியது. "ஐயா, இது நான் போட்ட கையெழுத்தே இல்லீங்க" என்று ஒருவர் வந்து நின்றால், சுருக்க விசாரணை செய்து அங்கேயே முடிவு சொல்லியாக வேண்டும். கையெழுத்து மெய்யானதல்ல என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 36-ஆம் பிரிவின்படி மனுவைத் தள்ளலாம்.

மனு தள்ளுபடியாகிவிடும். கள்ளக் கையெழுத்துப் போட்ட ஆள்? அது போலீஸ், கோர்ட் என்று தனி வழி. வாக்காளர் அட்டையையே போலியாகச் செய்தால் ஏழாண்டு வரை சிறை உண்டு. வெறும் கள்ளக் கையெழுத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 465-ஆம் பிரிவானாலும் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 336 ஆனாலும், இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தேர்தலில் நிற்கத் தடை விழ வேண்டுமானால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆம் பிரிவின் பொது விதிப்படி இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை வேண்டும். ஆக, நீதிபதி உச்சபட்சத்தையே விதித்தாலொழியத் தடை இல்லை. ஓராண்டு சிறை பெற்றவர் தாராளமாக அடுத்த தேர்தலுக்கு மனு போடலாம். சுயேச்சை என்றால் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.