புட்டிக்குள் மணல்: 'நொட்டோரியஸ்' படத்தில் யுரேனியத்தின் இடம்

ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு கேள்வியின்றிக் கைமாறி வந்திருக்கிறது. ரியோ மாளிகையின் நிலவறையில், மதுப் புட்டிகளுக்குள் ஒளித்துவைத்த யுரேனியத் தாது வெறும் 'மெக்கஃபின்'. கதையை நகர்த்த ஒரு சாக்கு. அதன் இடத்தில் வேறு எதை வைத்தாலும் படம் மாறாது என்பதே அந்த முடிவு. காதல்தான் படம், உளவு அதன் சட்டகம் என்ற வாசிப்பு முழுவதும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. இதற்குச் சாட்சி இயக்குநரே என்பதால் மேல்விசாரணை தேவைப்படவில்லை போலும்.

அந்தச் சாட்சியம் பாதிதான் வாசிக்கப்பட்டிருக்கிறது என்பது என் முதல் வாதம். யுரேனியத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, 1951இல் மேற்கு ஜெர்மனியில் அதை உண்மையிலேயே மாற்றிப் பார்த்துவிட்டார்கள் என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், யுரேனியம் இந்தப் படத்தின் அச்சாணி என்று சொல்லத் துணிவு வருகிறது.

முதலில் சாட்சியம். 1962 ஆகஸ்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ ஹிட்ச்காக்குடன் ஒரு வாரம் பதிவுசெய்த உரையாடல், 1966இல் பிரெஞ்சில் நூலாக வந்தது. இடையே ஹெலன் ஸ்காட் மொழிபெயர்த்தார். இரு மொழிகளைக் கடந்து, பதினேழு ஆண்டு பழைய நினைவிலிருந்து வரும் சொற்களை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்வது முறையல்ல. ஆனால் சொற்களை விட்டுவிட்டு, சொன்ன செய்திகளை வரிசைப்படுத்தலாம்.

'நொட்டோரியஸ்' பற்றி ஹிட்ச்காக் அங்கே இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று பெருமிதம். ஹிரோஷிமாவுக்கு ஓராண்டு முன்பே தானும் திரைக்கதையாசிரியர் பென் ஹெக்டும் யுரேனியத்தைத் தேர்ந்துகொண்டதாகவும், அணுகுண்டு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்க கால்டெக்கில் இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகனைச் சந்தித்ததாகவும், அதன்பின் எஃப்.பி.ஐ. மூன்று மாதம் தன்னைக் கண்காணித்ததாகவும் கூறுகிறார். மற்றொன்று அலட்சியம். தயாரிப்பாளருக்கு யுரேனியம் உவக்காதபோது, வேண்டாமென்றால் தொழிற்சாலை வைரமாக்கிவிடலாம், அது ஒரு பொருட்டே அல்ல என்று சொன்னதாக நினைவுகூர்கிறார்.

ஆய்வாளர்கள் முதற்செய்தியை ஐயத்தோடு ஒதுக்கிவிட்டு, இரண்டாவதைக் கோட்பாடாக்கினர். எஃப்.பி.ஐ. கதையை ஐயுற்றது சரியே. நல்ல கதைசொல்லி கூட்டிச் சொன்னதாகத்தான் அது தோன்றுகிறது. ஆனால் ஒரே மூச்சில் வந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஏன் முழு நம்பிக்கை? வைரப் பேச்சு எழுந்த சூழலைக் கவனிக்க வேண்டும். அது கலைக்கொள்கை பேசும் இடமல்ல, பேரம் நடக்கும் இடம். யுரேனியக் கதையை விற்க முடியாமல் திணறிய ஒருவர், வாங்குபவரின் தயக்கத்தைத் தளர்த்தச் சொன்ன வார்த்தை அது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் கடைசியில் இயக்குநர், நடிகர்கள், திரைக்கதை எல்லாவற்றையும் சேர்த்து 8 லட்சம் டாலருக்கும் லாபத்தில் பாதிக்கும் ஆர்.கே.ஓ. நிறுவனத்திடம் விற்றார். வைரத்துக்கு மாறியிருந்தால் தயக்கம் அன்றே தீர்ந்திருக்கும். ஹிட்ச்காக் மாறவில்லை. மாற்றலாம் என்று சொன்னதைவிட, மாற்றாமல் விட்டது வலுவான சான்று. எது பொருட்டில்லையோ அதை முன்கூட்டி அறிந்ததாக ஒருவர் கால் நூற்றாண்டின் பெரும்பகுதி பெருமை பேசிக்கொண்டிருக்கவும் மாட்டார்.

காலவரிசையும் இங்கே உதவுகிறது. கதை 1944 இறுதியில் உருவாகத் தொடங்கியது என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் படப்பிடிப்பு தொடங்கியது 1945 அக்டோபரில். அதற்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் நிகழ்ந்துவிட்டன. அணுகுண்டுத் திட்டம் பற்றிய அதிகாரபூர்வ ஸ்மைத் அறிக்கை ஆகஸ்டிலேயே வெளியாகிவிட்டது. கேமரா ஓடத் தொடங்கியபோது யுரேனியம் என்ன என்பது செய்தித்தாள் படிக்கும் அனைவருக்கும் தெரியும். 1946 ஆகஸ்டில் படம் நியூயார்க்கில் வெளியாவதற்குச் சில நாள் முன்னர்தான் அணுசக்திச் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். அந்தப் பொருள் அரசின் கட்டுப்பாட்டுக்கு உரியது என்று சட்டமே அறிவித்துக்கொண்டிருந்த மாதத்தில், அரங்கிலிருந்த எவரும் அதை வெற்றுச் சாக்காகப் பார்த்திருக்க முடியாது. படத்தின் தொடக்க எழுத்து 1946 ஏப்ரல் 24, பிற்பகல் 3.20, மயாமி என்று நிமிடம் வரை குறிக்கிறது. எந்தக் காலத்திலும் நடக்கக்கூடிய காதல் கதைக்கு இந்தத் தேதி எதற்கு?

இனி படத்துக்குள் போகலாம். சாவியின் புகழ் இங்கே கொஞ்சம் இடைஞ்சல் செய்திருக்கிறது. விருந்துக் கூடத்தின் உச்சியிலிருந்து கேமரா இறங்கி, இங்க்ரிட் பெர்க்மனின் மூடிய கைக்குள் இருக்கும் நிலவறைச் சாவிக்கு வந்து சேரும் காட்சி பாடநூல் உதாரணமாகிவிட்டது. அந்தச் சாவியைக் கேரி கிராண்ட் எடுத்து வைத்திருந்து பின்னர் பெர்க்மனிடம் கொடுத்ததும், அவர் 1979இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் விழா மேடையில் ஹிட்ச்காக்கின் கையில் சேர்த்ததும் அதற்கு ஒரு புராணத்தையே தந்துவிட்டன. நெகிழ்ச்சியான கதைதான். ஆயினும் சாவி திறப்பது எதை என்று கேட்பது குறைந்துபோனது.

படத்தின் பொருள் புட்டிகளில் இருக்கிறது. ரியோ வீட்டு மாடத்தில் அலீசியாவுடனான (பெர்க்மன்) அந்த நீண்ட முத்தத்துக்குப் பிறகு, அமெரிக்க உளவாளி டெவ்லின் (கிராண்ட்) அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து கிளம்புகிறான். வரும்போது இரவு உணவுக்கு ஒரு ஷாம்பேன் வாங்கி வருவதாகப் பேச்சு. அதை வாங்கிக்கொண்டே அலுவலகம் செல்கிறான். அங்கே அலீசியாவுக்கான வேலை என்னவென்று சொல்கிறார்கள்: தன்னை முன்பு விரும்பிய, ரியோவின் நாஜிக் கூட்டத்தைச் சேர்ந்த அலெக்ஸ் செபாஸ்டியனை அவள் நெருங்க வேண்டும். டெவ்லின் வெளியேறும்போது புட்டி மேலதிகாரி பிரெஸ்காட்டின் அறையிலேயே நின்றுவிடுகிறது. வீடு திரும்பியபின் எங்கோ விட்டுவிட்டேன் என்கிறான். காதலுக்காக வாங்கிய புட்டியை அரசாங்க மேசை எடுத்துக்கொண்டது. இதற்குப் பின் படத்தில் முக்கியமாகும் புட்டிகள் எல்லாம் அந்த மேசை தேடுகிற பொருளோடு தொடர்புடையவை. செபாஸ்டியன் வீட்டு விருந்தில் ஒரு பொம்மார் புட்டியைக் கண்டு பதறியதற்காகவே எமில் ஹுப்காவைக் கூட்டாளிகள் தீர்த்துக்கட்டுகிறார்கள். நிலவறையில் டெவ்லினின் கைபட்டு விழும் புட்டியிலிருந்து மது சிந்தாமல் கருமணல் கொட்டுகிறது. அதை அள்ளி வேறொரு புட்டியில் நிரப்பி அவன் அடுக்கிவைக்க, அதன் மேலுள்ள ஆண்டு மற்றவற்றோடு பொருந்தாமல் நிற்க, இதற்குள் அலீசியாவை மணந்துவிட்ட செபாஸ்டியன் தன் மனைவி யாரென்று அறிந்துகொள்கிறான்.

மணல் யுரேனியத் தாது என்று பிரெஸ்காட் அலீசியாவிடம் தெரிவிக்கும் காட்சியே என் வாதத்துக்கு நடுநாயகம். அதற்கு முந்தைய காட்சியில் அவள் தோட்டத்தில் காபி குடித்தாயிற்று. மாமியாரும் கணவனும் கலந்த நஞ்சு உடம்பில் இறங்கத் தொடங்கிவிட்டது. அறையின் வெளிச்சம் அவள் கண்ணை உறுத்துகிறது. இந்த நிலையில் உட்கார்ந்திருப்பவளிடம் அதிகாரி மூன்று செய்திகளைச் சொல்கிறார்: அது யுரேனியம், அது எங்கிருந்து வருகிறதென்று அவள் கண்டறிய வேண்டும், டெவ்லின் ஸ்பெயினுக்கு மாற்றல் கேட்டிருக்கிறான். நாட்டின் தேவை உச்சத்துக்கு ஏறும் கணத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே மனிதன் கைநழுவுகிறான். இன்னும் சிறிது நேரத்தில், செபாஸ்டியனின் கூட்டாளியான டாக்டர் ஆண்டர்சன் தான் மலைப்பகுதிக்குப் போகப்போவதைப் பேச்சுவாக்கில் சொல்லும்போது அவளுக்குத் தாதுவின் இருப்பிடம் பிடிபடுகிறது. அதே உரையாடலில் அவர் தவறுதலாக அவள் கோப்பையைக் கையில் எடுக்க, தாயும் மகனும் பதறித் தடுக்க, காபியில் என்ன இருக்கிறதென்றும் பிடிபடுகிறது. அரசு கேட்ட விடையும் அவளுடைய மரணமும் ஒரே மேசையில் வெளிப்படுகின்றன. கோப்பை திரையின் முன்னால் பெரிதாக நிற்கிறது. கதிர்வீச்சுக்கும் காபி நஞ்சுக்கும் உருவக உறவு காட்டும் அளவுக்கு நான் போகவில்லை. படத்தில் அதற்கு ஆதாரம் போதாது. இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே காட்சியில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதே எனக்குப் போதும்.

அலீசியா இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவள் தந்தை. தேசத் துரோகத்துக்காக இருபதாண்டுத் தண்டனை பெற்ற ஜெர்மானியர். பின்னர் சிறையில் நஞ்சுண்டு இறந்தவர். டெவ்லின் அவளைப் பணியச் செய்வது ஆசைகாட்டி அல்ல. அவள் வீட்டில் மறைவாகப் பதிவுசெய்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டுகிறான்: தந்தையோடு சண்டையிட்டு, இந்த நாட்டை நேசிப்பதாக அவள் சொன்னது அதில் இருக்கிறது. அவளுடைய சொந்தச் சொல்லையே பிணையாகப் பிடித்து அரசு அவளை வேலைக்கு எடுக்கிறது. இந்தப் பிணை செல்லுபடியாக, தேடப்படும் பொருள் அரசின் உயிர்நாடியாக இருந்தாக வேண்டும். வைரத்துக்காகவா ஒரு பெண் எதிரியை மணந்துகொள்ளலாம் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதிகாரிகள் ஒப்புதல் தருவார்கள்? அலீசியா திருமணச் செய்தியைக் கொண்டுவரும் காட்சியில் அறையில் யாரும் அதிர்வதில்லை. பின்னர் அவள் காணாமல் போனதை டெவ்லின் எடுத்துச் சொல்லும்போது, பிரெஸ்காட் கட்டிலில் சாய்ந்து பிஸ்கட்டும் சீஸும் தின்றுகொண்டே கேட்கிறார். அந்த மனிதரின் நிம்மதிக்கு விளக்கம் யுரேனியம் ஒன்றுதான்: இவ்வளவு பெரியதன் முன் ஓர் உயிர் சிறியது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

இப்போது 1951. மேற்கு ஜெர்மனிக்குப் போன படத்துக்கு 'வெண்ணஞ்சு' என்று பொருள்படும் பெயர் சூட்டி, ஜெர்மன் ஒலித்தடத்தில் நாஜிகளைப் போதைப்பொருள் கடத்தல்காரர்களாக்கினர். யுரேனியம் போதைப்பொருளாயிற்று. முத்தம் இருந்தது, சாவி இருந்தது, மாடிப்படி இருந்தது. மெக்கஃபின் வாசிப்பு சரியென்றால் இது அதே படமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கடத்தல் கும்பலைப் பிடிக்கும் கதையில் தேசத் துரோகத்துக்கு இடமில்லை. மகள் தீர்க்க வேண்டிய கடனுக்கும் இடமில்லை. அரசுக்கு அவளிடம் கேட்க உரிமை இருப்பதாக எண்ணவைத்த பொருள் போனதும், டெவ்லினின் மௌனம் கொடுமையாக நிற்பதில்லை, பிடிவாதமாகச் சுருங்கிவிடுகிறது. கேட்டிருக்கவே கூடாததைக் கேட்டுவிட்டு, அவள் மறுப்பாள் என்று காத்திருந்து, அவள் மறுக்காததற்காக அவளையே தண்டிக்கும் மனிதன் அவன். அந்தத் தண்டனையின் முழு எடையும் அசல் படத்தில்தான் உணரப்படுகிறது.

அது அரசியல் சங்கடத்தைத் தவிர்க்கச் செய்த திருத்தம், அழகியல் சோதனை அல்ல என்று மறுக்கலாம். நோக்கம் அதுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நாஜி அடையாளத்தை மட்டும் துடைத்துவிட்டு யுரேனியத்தை விட்டுவைத்திருக்கலாமே. அடுத்த ஆண்டு அங்கே வெளியான 'காஸாபிளாங்கா'வில் நாஜிகளை வெட்டியெறிந்தவர்கள், விக்டர் லாஸ்லோவை நார்வே நாட்டு அணு விஞ்ஞானியாக்கினார்கள். அணு என்ற சொல்லுக்கு அங்கே தடை ஏதும் இல்லை. ஜெர்மானியர் கையில் யுரேனியம் என்ற சேர்க்கைதான் தாங்கமுடியாததாக இருந்தது என்று ஊகிக்கிறேன். வெற்றுச் சாக்கு யாரையும் இப்படிச் சங்கடப்படுத்தாது. பிற்காலத்தில் புதிதாக ஒலிசேர்த்து, அசல் கதையை மீட்டார்கள்.

வேறு சில மறுப்புகளை நெடுநேரம் பேச வேண்டியதில்லை. படத்துக்கு வித்தான ஜான் டெய்ன்டர் ஃபூட்டின் 1921ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கதையில் யுரேனியம் கிடையாது என்பர். அந்தக் கதையில் இந்தப் படமும் கிடையாது. ஜோசப் பிரீனின் தணிக்கை அலுவலகம் கதாநாயகியின் ஒழுக்கத்தைத்தான் ஆட்சேபித்தது என்பர். தணிக்கையாளரின் கவலை எதுவோ அதுவே படத்தின் பொருள் என்று கொள்ள முடியாது.

பொருட்படுத்த வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு. முடிவில் யுரேனியம் கைப்பற்றப்படுவதைப் படம் காட்டவில்லை. டெவ்லின் அலீசியாவைத் தாங்கிப் படியிறங்குகிறான். கார்க்கதவு செபாஸ்டியனின் முகத்துக்கு நேரே பூட்டப்படுகிறது. அவன் கூட்டாளிகளிடம் திரும்பிப் படியேறுகிறான். தாது மறக்கப்பட்டதாகவே தோன்றும். எமிலுக்கு நேர்ந்தது நினைவிலிருப்பதால்தான் அந்தப் படிகள் அச்சமூட்டுகின்றன என்று பதில் சொல்லலாம். ஆனால் கடத்தல் கும்பலும் கொல்லும் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். அச்சத்தைப் பொறுத்தவரை போதைப்பொருளும் போதும். மாற்ற முடியாதது டெவ்லினின் செயல்தான். மேலதிகாரி கட்டிலிலிருந்து தரும் எச்சரிக்கையை மீறாத குறையாக, வேலையின் பேரில் அல்லாமல் அவன் அந்த வீட்டுக்குள் போகிறான். யுரேனியத்தைவிட அவளைப் பெரிதென்று எண்ணியதால்தான் போகிறான். எதைவிடப் பெரிது என்பதற்கு ஒரு பக்கத்தில் எடையுள்ள பொருள் இல்லாவிட்டால் அந்தத் தேர்வே இல்லை. படம் தாதுவைக் கைவிட்டு மாடிப்படியைத் தொடர்வது இந்தத் தேர்வின் வடிவம்.

'மிஷன்: இம்பாசிபிள் 2' (2000) இந்தக் கதையை எடுத்தாண்டதும் குறிக்கத்தக்கது: பழைய காதலனிடம் உளவுக்கு அனுப்பப்படும் பெண், குதிரைப்பந்தய மைதானத்தில் ரகசியச் சந்திப்பு, தவிக்கும் உளவாளி. ராபர்ட் டவுனின் திரைக்கதையில் யுரேனியத்தின் இடத்துக்கு ஒரு வைரஸ் வருகிறது. கதாநாயகி அதைத் தன் உடலிலேயே செலுத்திக்கொள்கிறாள். தேடப்படும் பொருளும் பெண்ணின் உடலிலேறும் நஞ்சும் அங்கே ஒன்றேயாகிவிட்டன. ஹிட்ச்காக்கும் ஹெக்டும் இரண்டு காட்சிகளின் நெருக்கத்தில் வைத்ததை ஓர் ஊசிக்குள் அடக்கியிருக்கிறார்கள். பொருளை மாற்றலாம் என்று நம்பியவர்கள் வைரஸைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதை, யுரேனியத்தைச் சாக்கு என்று சொல்லும் வாசிப்பால் விளக்க இயலாது.