கோடரிக்கல் மலையும் 30 கோடரிகளும்

பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்துல அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. இடுப்பில் தோல் கட்டின ஒரு ஆள், கையில ஒரு கல்லு, கீழே "கற்கால மனிதன்" என்று எழுதியிருக்கும். காலடியில கிடந்ததை எடுத்து அடிச்சு உடைச்சிருப்பார், அவ்வளவுதான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அம்மிக்கல் வாங்கப் போனாலே எங்க பாட்டி நாலு தட்டு தட்டிப் பார்க்காம வாங்க மாட்டாங்க. சோத்துக்கே கல்லை நம்பினவங்க பார்க்காமலா எடுத்திருப்பாங்க?

ஆஸ்திரேலியாவுல மெல்பேர்னுக்கு வடக்கே, லான்ஸ்ஃபீல்ட் பக்கம் மவுண்ட் வில்லியம்னு ஒரு குன்று இருக்கு. அந்த மண்ணின் மக்களான வுருண்ட்ஜெரிகள் வைத்த பெயர் வில்-இம்-ஈ மூர்-ரிங். கோடரியின் இடம்னு அர்த்தம். அங்கே கிடைப்பது பச்சைக்கல். சுமார் 50 கோடி வருஷத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகி, பிறகு மாறி உருவானது.

ஏன் அந்தக் கல்? கறி அறுக்க, ஈட்டியில் பதிக்க, சில்லு சில்லாகத் தெறித்து பிளேடு மாதிரி கூர் வரும் கல் வேணும். அதுக்கு சில்கிரீட், குவார்ட்ஸ் எல்லாம் இருந்தது. ஆனா அதையே மரத்துல ஓங்கி வெட்டினா விளிம்பு பொலபொலன்னு உதிர்ந்துடும். கோடரிக்குத் தேவை அடி தாங்குற கல். அதுலயும் வெயில் மழையில் மேலே கிடந்தது ஆகாது, உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அதனால தோண்டினாங்க. இன்னைக்கும் அங்கே 268 குழிகள் எண்ணலாம், சிலது பல மீட்டர் ஆழம். பக்கத்திலேயே பட்டறைகள். சில இடத்துல நடுவில் ஒரு பாறை பட்டறைக்கல்லா நிற்க, சுத்தி 20 மீட்டர் அகலத்துக்குச் சில்லுக் குவியல்.

அங்கே முக்கால்வாசி வேலைதான் நடக்கும். தோராயமா வடிவம் வந்த கல்லை எடுத்துட்டுப் போய், மணற்பாறையில தண்ணி விட்டுத் தேய்ச்சு கூர் ஏத்துவாங்க. வளைச்ச குச்சியைக் காம்பாக்கி, நாரும் பிசினும் போட்டு இறுக்கினா கோடரி ரெடி. போசம் பிடிக்க, தேன் எடுக்க மரத்துல படி வெட்டி ஏறுவதும், படகுக்கும் கேடயத்துக்கும் பட்டை உரிப்பதும் இதை வெச்சுத்தான்.

விஷயமே இனிமேதான். இந்தக் குன்றுக்குப் பொறுப்பாளர் உண்டு. கடைசியாக இருந்தவர் பில்லிபெல்லரி, 1846-ல் இறந்தார். அவருடைய உறவினர் வில்லியம் பராக் 1880-களில் ஏ.டபிள்யூ.ஹோவிட்டிடம் இதை விவரமாச் சொல்லியிருக்கார். கல் வேணும்னா முதல்ல ஆள் அனுப்பிச் சொல்லணும். வந்து பக்கத்துல முகாம் போட்டு, சண்டை சச்சரவு இல்லாம இருக்கணும். கல்லுக்கு மாற்றா ஏதாவது தரணும். மூணு கல்லுக்கு ஒரு போசம் தோல் போர்வை. (பல தோல்களைத் தைத்துச் சேர்த்த போர்வைங்க அது, ஒத்தைத் தோல் இல்லை.) கேட்காம எடுத்தா வம்புதான்.

இசபெல் மெக்பிரைட் என்ற தொல்லியலாளர் 1970-களில் அருங்காட்சியகக் கோடரிகளிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, எது எந்தக் குன்றின் கல்லுன்னு பிரிச்சார். இந்தக் கல் 800 கிலோமீட்டர் வரைக்கும் போயிருக்கு. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கே 700 சொச்சம்தான்! ஆனா கிழக்கே, கூப்பிடு தூரம்னு சொல்லக்கூடிய கிப்ஸ்லாந்துக்கு அவ்வளவா போகலை. அங்கிருந்த குர்னாய் மக்களோட இவங்களுக்குப் பகை. கல்லின் தரம் மட்டும் இல்லை, யாரோட கொடுக்கல் வாங்கல் என்பதும் சேர்ந்துதான் கோடரி எங்கே போகும்னு முடிவு பண்ணியிருக்கு.

இப்போ 1835 ஜூன். ஜான் பேட்மேன் என்பவர் வந்து இந்த மக்களோட ஒரு "ஒப்பந்தம்" போடுகிறார். சுமார் 5 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு அவர் கொடுத்தது போர்வை, கத்தி, கண்ணாடி, மாவு, அப்புறம் 30 கோடரி! கோடரிக்கல் மலைக்காரங்களுக்கே கோடரி. கையெழுத்திட்டவங்களில் பில்லிபெல்லரியும் ஒருவர் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அவங்க அதை நில விற்பனைன்னு நினைச்சிருக்க வாய்ப்பே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஆள் அனுப்பி, பொருள் கொடுத்து, வந்து தங்கிட்டுப் போறது அவங்க வழக்கம்தானே.

அதே ஆகஸ்டில் கவர்னர் ரிச்சர்ட் போர்க் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாதுன்னு அறிவிச்சார். பேட்மேன் ஏமாத்தினார் என்பதற்காக இல்லைங்க. நிலம் இங்கிலாந்து அரசருடையதாம், அதை விற்க இந்த மக்களுக்கு உரிமையே கிடையாதாம்! ஒரு கல்லுக்கே உரிமையாளர், விலை, நடைமுறைன்னு வெச்சிருந்தவங்களைப் பார்த்துச் சொன்னது இது. யாருக்கும் சொந்தமில்லாத மண் என்ற அந்தக் கதையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தூக்கி எறிய 1992 மாபோ தீர்ப்பு வரைக்கும் ஆச்சு.

குன்று 2012-ல் வுருண்ட்ஜெரிகள் கைக்குத் திரும்பி வந்தது. இப்போ சுத்திப் பார்க்கணும்னா அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும். போர்வை கேட்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன் :)