அடிமனை யாருடையது? வீடு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிக்குத் தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறிய நம் குடும்பங்கள், பல வருடச் சேமிப்பைக் கொண்டு வீடு தேடுகின்றன. 'வீடு விலைக்கு, மனை மட்டும் லீஸ்' என்று தரகர் சொன்னால், அதன் பொருளை முதலில் புரிந்துகொள்வோம்.

எந்த லீஸ்?

பெரிய தொகையைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவதையும் இங்கே 'லீஸ்' என்கிறோம். அது போக்கியம், கடனுக்குப் பகரமாக அனுபவிக்கும் பயன் வட்டியாகிவிடும் என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கின்றனர். அடிமனைக் குத்தகை வேறு. அதில் கட்டடமே நம்முடையது, நிலம் உரிமையாளருடையது. நிலத்துக்கு வாடகை கட்டி வர வேண்டும். ஓசூர் சிப்காட்டில் ஆலைகளுக்கு மனைகள் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்படுவது இந்த முறையில்தான். தவணை குறையக் குறைய வீட்டின் மதிப்பும் குறையும்.

வக்ஃபு நிலம் என்றால்

உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதை விற்கவோ, அன்பளிப்பாக வழங்கவோ, வாரிசுரிமையாக்கவோ கூடாது என்பதே நிபந்தனையாக இருந்தது. 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டமும் வக்ஃபு சொத்தின் விற்பனையைச் செல்லாததாக்குகிறது. 2013 திருத்தத்தின்படி, 30 ஆண்டுகளைத் தாண்டும் குத்தகையும் செல்லாது. ஆகவே, வக்ஃபு மனையை '99 வருஷத்துக்கு எழுதித் தருகிறேன்' என்று இன்று ஒருவர் சொன்னால் விலகிவிடுவதே நல்லது. முத்தவல்லியின் வாய்மொழி போதாது. வக்ஃபு வாரியத்தின் எழுத்துபூர்வ அனுமதியைக் கேட்போம்.

சரிபார்க்க வேண்டியவை

1. வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றில் நிலம் யார் பெயரில் உள்ளது? எல்லை தாண்டி அத்திப்பள்ளி பக்கம் வாங்கினால், பார்க்க வேண்டியவை கர்நாடக அரசின் பஹணி, கத்தா ஆவணங்கள்.

2. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் போதாது.

3. மீதி எத்தனை ஆண்டுகள்? வாடகை எப்போது, எவ்வளவு உயரும்? விற்க நில உரிமையாளரின் சம்மதம் வேண்டுமா? தவணை முடிந்தால் கட்டடம் யாருக்கு?

4. குத்தகைதாரர் மவ்த்தானால் என்ன ஆகும்? ஹனஃபி மத்ஹபில் குத்தகை ஒப்பந்தம் அத்துடன் முடிகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் தவணை முடியும்வரை தொடர்கிறது. பின்னாளில் பிள்ளைகள் தடுமாறாமலிருக்க, வாரிசுகளின் நிலையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்வோம்.

தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடமும் ஓர் ஆலிமிடமும் காட்டுவோம். ஹலாலான, தகராறில்லாத இல்லங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!