71க்கும் 99க்கும் இடையில்: கருத்துக்கணிப்பிலிருந்து தேர்தல் கணிப்பு உருவாகும் விதம்

ஹிலாரி கிளின்டன் அமெரிக்க அதிபராகும் வாய்ப்பு எவ்வளவு? 2016 நவம்பர் 8, வாக்குப்பதிவு நாளன்று, இந்தக் கேள்விக்கு இணையத்தில் பல விடைகள் இருந்தன. நேட் சில்வரின் ஃபைவ்தர்ட்டிஎயிட் தளம் 71 விழுக்காடு என்றது. நியூயார்க் டைம்ஸ் 85 என்றது. ஹஃபிங்டன் போஸ்ட் 98 என்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாம் வாங் 99க்கும் மேல் என்றார். எல்லாரும் எடுத்தாண்டவை பெரும்பாலும் அதே கருத்துக்கணிப்புகள்தாம். டொனால்டு டிரம்ப் வென்றதும் பழி முழுவதும் கருத்துக்கணிப்புகள்மீது விழுந்தது. ஒரே தரவிலிருந்து 71உம் 99உம் எப்படிக் கிடைத்தன என்று கேட்டவர்கள் குறைவு. அந்த இடைவெளி வாக்காளர்களின் விடைகளில் இல்லை. கணிப்பாளர்கள் வைத்துக்கொண்ட ஓர் அனுமானத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

நாடு தழுவிய கருத்துக்கணிப்புகள் அந்த ஆண்டு மோசமாகத் தவறவில்லை. அவற்றின் இறுதிச் சராசரி கிளின்டனுக்குச் சுமார் 3 புள்ளி முன்னிலை தந்தது. மொத்த வாக்கில் அவர் 2.1 புள்ளி முந்தினார். ஆனால் அதிபரைத் தீர்மானிப்பவை மாநிலவாரி முடிவுகள். சறுக்கல் அங்கேதான் நேர்ந்தது. விஸ்கான்சினில் மார்க்கெட் சட்டப் பள்ளியின் கடைசிக் கணிப்பு கிளின்டன் 6 புள்ளி முன்னிலையில் இருப்பதாகச் சொன்னது. அங்கே டிரம்ப் 22,748 வாக்குகளில் வென்றார். மிச்சிகனில் 10,704, பென்சில்வேனியாவில் 44,292. மூன்று மாநிலங்களிலும் பிழை ஒரே பக்கம் சாய்ந்தது.

இது தற்செயல் அன்று. கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் கருத்துக்கணிப்புக்குக் கூடுதலாக விடை சொல்வார்கள். மாநில அளவிலான பல கணிப்புகள் வயது, பாலினம், இனம் ஆகியவற்றைச் சரிக்கட்டின, கல்வித்தகுதியைச் சரிக்கட்டவில்லை. முந்தைய தேர்தல்களில் அதனால் பெரிய கேடு வரவில்லை. 2016இல் வெள்ளையர் வாக்கு கல்வித்தகுதியை ஒட்டியே பிளந்தது. ஒரு மாநிலத்தில் இந்தக் குறை இருந்தால், அதே வகை வாக்காளர்கள் வாழும் பக்கத்து மாநிலத்திலும் இருக்கும். மாதிரியின் அளவைப் பெருக்கினாலும், நூறு கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் இந்தப் பொதுப்பிழை கரையாது.

அதன் விளைவைச் சிறு கணக்கில் பார்க்கலாம். பின்தங்கிய வேட்பாளருக்கு மூன்று மாநிலங்களில் தலா 20 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். மூன்றையும் வென்றால்தான் அவருக்கு ஆட்சி. பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 0.8 விழுக்காடு. அவை முழுமையாகச் சேர்ந்தே நகரும் என்றால் 20 விழுக்காடு. கருத்துக்கணிப்பு எண் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது பிழைகளின் ஒட்டுறவு பற்றிய அனுமானம் மட்டுமே. சில்வரின் கணிப்புமுறை அந்த ஒட்டுறவுக்குப் பெரிய இடம் கொடுத்தது. பொதுப்பிழையை மிகச் சிறிதாக வைத்துவிட்டதாக வாங் தேர்தலுக்குப் பிறகு நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

அனுமானம் இன்னும் முன்னதாக, ஒற்றைக் கருத்துக்கணிப்புக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் செய்த சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புளோரிடா வாக்காளர்கள் 867 பேரின் விடைகளை அது நான்கு தனித்தனிக் கணிப்பாளர்களிடம் கொடுத்தது. அதே 867 பேர், அதே விடைகள். ஒரு குழுவின் கணக்கில் கிளின்டன் 4 புள்ளி முன்னிலை. இன்னொன்றில் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை. யார் உண்மையில் வாக்களிக்க வருவார்கள், எந்தப் பிரிவினரின் விடைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற முடிவுகளிலிருந்தே இந்த 5 புள்ளி வேறுபாடு பிறந்தது. செய்திகளில் கருத்துக்கணிப்போடு அச்சாகும் பிழை வரம்பு இதில் எதையும் காட்டுவதில்லை.

சில்வரைப் புகழ்ந்தவர்களும் மாநிலப் பிழைகளின் ஒட்டுறவை மறந்தார்கள். 2012இல் அவர் 50 மாநிலங்களையும் சரியாகச் சொன்னதை ஐம்பது தேர்வுகளில் பெற்ற வெற்றியாகக் கொண்டாடினார்கள். பிழைகள் சேர்ந்தே நகர்பவை என்றால், அந்த வெற்றிகளையும் தனித்தனியாக எண்ணக் கூடாது. அதே ஆண்டு ரியல்கிளியர்பாலிடிக்ஸ் தளத்தின் கருத்துக்கணிப்புச் சராசரி ஒபாமாவுக்குத் தந்த முன்னிலை 0.7 புள்ளி, அவர் வென்றதோ 3.9 புள்ளியில். 2016இன் நாடு தழுவிய பிழையைவிட இது பெரியது. முந்தியிருந்தவருக்கே பிழை சாதகமாக விழுந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

ஆகவே வென்றவர் பெயரைச் சொன்னாரா என்பதை வைத்துக் கணிப்பாளரை எடைபோடுவது பொருந்தாது. அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. 71 விழுக்காடு என்பது சரியான மதிப்பீடா என்று சோதிக்கப் போதுமான தேர்தல்கள் நம் கையில் இல்லை. வாய்ப்பு எண்ணை வெளியிடுபவர், பொதுப்பிழை எவ்வளவு இருக்கும் என்று தாம் கொண்டதையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அந்தப் பிழை இரட்டிப்பானால் தம் எண் எவ்வளவு இறங்கும் என்பதையும் காட்ட வேண்டும். பொதுவாசகருக்கு இது சிக்கலாக இருக்கும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. 2020இல் ஃபைவ்தர்ட்டிஎயிட் தளத்தின் சராசரி பைடனுக்கு 8 புள்ளிக்கு மேல் முன்னிலை காட்டியது, கிடைத்தது 4.5. எவ்வளவு பிழையை அவருடைய முன்னிலை தாங்கும் என்பது புள்ளிக்கணக்கில் எழுதப்பட்டிருந்தால், அந்த இரவில் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த எவரும் அதைத் தாமே ஒப்பிட்டிருக்க முடியும்.