ஓர் இரும்புத் துண்டின் வரலாறு

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் பிட்டர் பிரிவுப் பட்டறையை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால் ஒருமுறை சென்று பாருங்கள். நீண்ட மேசைகள், மேசையோரம் வரிசையாகப் பொருத்திய வைஸ்கள், ஒவ்வொரு வைஸிலும் ஓர் இரும்புத் துண்டு, அதன் எதிரே அரத்துடன் ஒரு மாணவர். தொடக்க வாரங்களில் அவர்களுடைய வேலை பெரும்பாலும் ஒன்றுதான். துண்டின் முகங்களை அராவித் தட்டையாக்க வேண்டும். ஒரு முகம் அடுத்த முகத்துக்குச் சரியாகத் தொண்ணூறு பாகையில் நிற்க வேண்டும். ஆசிரியர் வந்து மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால் மறுபடியும் அரம்தான்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பத்தாம் வகுப்பு முடித்துப் பிட்டர் பிரிவில் சேர்ந்தாள். வீட்டில் யாருக்கும் அதில் முழு மனமில்லை. இரண்டு வாரம் கழித்து, உள்ளங்கையில் கொப்புளத்தோடு என்னிடம் வந்தாள். "மாமா, இந்தத் துண்டை ராவி ராவி என்ன ஆகப்போகுது? முடிஞ்சதும் பழைய இரும்பிலதானே போடுறாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். நீங்களும் வாருங்கள்.

அக்காலத்தில் தொழில் கற்பது என்றால் ஒரு கைவினைஞரிடம் போய்ச் சேர்வது என்றே பொருள். இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஏழு ஆண்டு தொழில் பழகாதவன் அத்தொழிலைச் செய்யக் கூடாது என்று விதித்தது. நம் நாட்டில் சட்டம் தேவைப்படவில்லை, தகப்பனே குரு. எங்கும் கற்பிக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான்: யாரும் தனியே உட்கார்ந்து கற்பிப்பதில்லை. பையன் துருத்தி ஊதுவான், கரி அள்ளுவான், இடையிடையே கண்ணால் திருடிக் கொள்வான். ஆண்டுகள் வீணாயின என்பது உண்மை. ஆனால் ஒரு கலப்பை முதலிலிருந்து முடிவுவரை உருவாவதையும், அதை வாங்கிய உழவர் மறுநாள் வந்து குறை சொல்வதையும் அவன் பார்த்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொழிற்சாலைகள் வந்ததும் இம்முறை உடைந்தது. நாள் முழுதும் ஒரே நெம்புகோலை இழுக்கும் சிறுவன் எந்தத் தொழிலையும் முழுதாகக் கற்பதில்லை. 1563-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில் பழகும் விதிகளை இங்கிலாந்து 1814-இல் நீக்கிவிட்டது. பட்டறைக் கல்வியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

தெளிவான விடை மாஸ்கோவிலிருந்து வந்தது. அங்கே அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்காக 1830-இல் தோன்றிய கைத்தொழிற் பள்ளியொன்று, 1868-இல் பேரரசுத் தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்ந்தது. அதன் தலைவர் விக்டர் டெல்லா-வோஸ். கல்லூரிக்குச் சொந்தமான பெரிய பட்டறைகள் வெளியார் ஆர்டர்களை ஏற்று இயந்திரங்கள் செய்து கொடுத்தன. மாணவர்களை அங்கேயே விட்டுப் பழக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆர்டர்கள் மாணவனின் வசதியைப் பார்த்து வருவதில்லை. இன்று கடினமான வேலை வரும். எளிய வேலை அடுத்த மாதம் வரும்.

டெல்லா-வோஸ் பயிற்சிப் பட்டறையை உற்பத்திப் பட்டறையிலிருந்து தனியே பிரித்தார். தச்சு, மரக் கடைசல், கொல்லு வேலை, பிட்டிங் என ஒவ்வொரு தொழிலையும் அதன் அடிப்படைச் செயல்களாகப் பகுத்தார். அச்செயல்களை எளியதிலிருந்து கடினம் நோக்கி வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு மாணவனுக்கும் தனி இடம், தனிக் கருவிகள். முதலில் வரைபடம், பிறகு அதன்படி ஒரு மாதிரி. ஒன்றைத் திருத்தமாக முடித்த பிறகே அடுத்தது. வரிசை முழுவதும் முடிந்த பின்னர்தான் உற்பத்திப் பட்டறை.

சங்கீதம் பயில்பவர்களுக்கு இது விளங்கும். சரளி வரிசையை யாரும் கச்சேரியில் பாடுவதில்லை. ஆனாலும் அதைப் பாடாமல் கீர்த்தனைக்குப் போவதில்லை. அந்தப் பெண்ணின் வைஸில் இருந்த இரும்புத் துண்டும் ஒரு சரளி வரிசைதான்.

இந்த மாதிரிகள் 1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றன. கிரகாம் பெல்லின் தொலைபேசி காட்டப்பட்ட அதே காட்சி அது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரங்கிள், மாஸ்கோ மாணவர்களின் மரத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் அங்கே கண்டார். தாம் தேடிக் கொண்டிருந்தது இதுதான் என்று முடிவு செய்து, தம் கழகத்திலும் அத்தகைய பட்டறைகளை அமைக்க ஏற்பாடு செய்தார்.

செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்ட் என்ற கணிதப் பேராசிரியருக்கு வேறோர் அனுபவம். எந்திரவியல் கணக்குகளை விளக்க மரத்தால் மாதிரிகள் செய்து வருமாறு மாணவர்களிடம் கூறினார். கணக்கில் கெட்டிக்காரர்களான அவர்களுக்கு ரம்பத்தையும் உளியையும் கையாளத் தெரியவில்லை. முதலில் கருவிகளைப் பழக்க வேண்டியதாயிற்று. இதன் விளைவாக அவர் 1879-இல் நிறுவிய கைத்தொழில் பயிற்சிப் பள்ளி அடுத்த ஆண்டு திறக்கப்பட்டது. சேர்வதற்குக் குறைந்த வயது பதினான்கு. மூன்று ஆண்டுப் படிப்பில் கணிதம், விஞ்ஞானம், மொழி, வரைபடம், பட்டறை ஐந்தும் சேர்ந்தே நடந்தன. மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவு என்ற எண்ணத்துக்கு இது ஒரு முன்னோடி எனலாம். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாரும் மாஸ்கோ முறையை ஏற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சுவீடன் நாட்டில் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் 1870-களில் வேறு வழியில் சென்றார். பின்லாந்தின் ஊனோ சிக்னேயஸ் தொடங்கிவைத்த 'ஸ்லாய்டு' என்ற கைவேலைக் கல்வி அது. அங்கே பிள்ளைகளின் முதல் கருவி கத்தி. செய்பவை வீட்டுக்கு உதவும் மரச் சாமான்கள். கரண்டி, கோடரிக் காம்பு போன்றவை. தூக்கி எறியும் பயிற்சித் துண்டுக்கு அங்கே இடமில்லை. பிள்ளை தான் செய்த கரண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுப்பான். தொழிலாளியை உருவாக்குவது சாலமனின் நோக்கமன்று. கையும் கண்ணும் மனமும் ஒருங்கே வளர வேண்டும் என்பதே அவர் நோக்கம். பல நாட்டு ஆசிரியர்கள் நேஸுக்கு வந்து பயின்று சென்றார்கள்.

துண்டா, கரண்டியா? என்னைக் கேட்டால், திருத்தமான உலோக வேலைக்கு மாஸ்கோ வழியே சரி. ஆனால் மாணவனின் ஆர்வத்தைக் காப்பாற்றுவது கரண்டிதான். எனினும் இரண்டு கட்சியிலும் ஒரு குறை உண்டு. துண்டானாலும் கரண்டியானாலும் வடிவத்தை முடிவு செய்தவர் ஆசிரியர். மாணவன் மாதிரியைப் பார்த்து அப்படியே செய்தான். 'இது ஏன் இப்படி இருக்க வேண்டும்?' என்ற கேள்வி, கலப்பையில் குறை சொல்ல வந்த உழவரோடு வெளியே போய்விட்டது.

அந்தக் கேள்வியைப் பட்டறைக்குள் மீண்டும் அழைத்த பள்ளிகளுள் புகழ்பெற்றது, ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோபியஸ் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ். தொடக்க ஆண்டுகளில் அதன் பட்டறைகளில் இரண்டிரண்டு ஆசிரியர்கள் இருந்தனர். ஒருவர் வடிவத்துக்கு, பெரும்பாலும் ஓவியர், மற்றவர் கைத்தொழிலுக்கு. மார்செல் பிராயர் என்ற ஹங்கேரிய இளைஞர் வியன்னாவின் கலைக் கழகத்தை விட்டுவிட்டு, 1920-இல், பதினெட்டு வயதில், அங்கே தச்சுப் பட்டறையில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அவரே அப்பட்டறையின் ஆசிரியரானார். தனித்தனியாக நின்ற இருவரின் வேலை இப்போது ஒருவரிடம் சேர்ந்தது. தம் சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பார்த்து, இரும்புக் குழாயை இப்படி வளைக்க முடியுமானால் நாற்காலி ஏன் செய்யக் கூடாது என்று எண்ணினார். 1925-இல், குழாய் வேலை தெரிந்த ஒருவரின் துணையோடு அதைச் செய்தும் பார்த்தார். இன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீங்கள் உட்காரும் இரும்புக் குழாய் நாற்காலி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பௌஹவுஸிலும் பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள். மரியானே பிராண்ட் என்ற பெண்மணி உலோகப் பட்டறையில் இடம் பெற்றுச் செய்த தேநீர்க் கெண்டி இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. அதன்கீழ் வளர்ந்தவையே ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள். தொழிற்சாலையிலேயே பழகுவதற்கான அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. இடையில் 1958-இல், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில் இங்கே சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் மிகவும் வியந்த பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும், எப்படித் துலக்க வேண்டும் என்று கேள்விகளாக அடுக்கிக் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் ஏற்பட்டது.

ஆக நம்மிடம் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்றில் பத்தாம் வகுப்போடு நுழைந்து அரம் பிடிக்கலாம். மற்றதில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேர்வெழுதி வடிவமைப்புப் படிக்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எனக்கு வருத்தம். அராவத் தெரிந்தவருக்குப் பிறர் தரும் வரைபடமே வேதம். வரையத் தெரிந்தவரோ இரும்பின் பிடிவாதத்தை அறியாமலே வரைகிறார். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும், அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்குச் செல்லவும் வழி உண்டு. ஆகவே முதல் வாயிலில் நுழைவது கதவடைத்துக் கொள்வதாகாது. எந்தப் படிப்பில் சேர்வது என்று பார்க்கப் போகும்போது, அங்கே பட்டறையில் நிற்கும் மாணவரிடம் ஒன்று கேளுங்கள்: "இங்கே நீங்களே வரைந்து செய்தது ஏதாவது உண்டா?"

அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு. துண்டை அராவுவது பற்றிப் புகார் செய்வதில்லை. அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்க முடியவில்லை. அரிவாள்மனையைச் சமையல் மேடையோடு இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் செய்யலாமென்று அவள் தொடங்கினாள். முதலில் செய்தது வழுக்கிவிட்டது. வாயின் இரண்டு முகங்களும் மூலைமட்டத்துக்குச் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கிரானைட் பலகையின் மேற்புறம் வழவழப்பு, அடிப்புறம் மேடுபள்ளம். இரண்டாவதில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினாள், நன்றாகப் பிடித்தது. ஆனால் மேடையின் விளிம்பில் ஒரு பட்டை கூடுதலாக ஒட்டியிருப்பதால் அங்கே வாய் நுழையவில்லை. மூன்றாவது வரைபடம் இப்போது அவள் நோட்டில் இருக்கிறது. விளிம்பின் கனத்தை அளந்து போகக் காலிபர் வேண்டுமாம்; திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேட்டு எடுத்து வருவதாகச் சொன்னாள்.