வன்னியில் மரை வேட்டை

ஐரோப்பாவின் வடபுலத்துப் பெரிய மானினம் ஒன்றுக்குரிய ‘எல்க்’ என்னும் பெயரை, இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் நம் நாட்டு மரைக்குச் சூட்டினர். பெயர் ஒன்றாயினும் விலங்கு வேறு; அதனை வேட்டையாடும் முறையும் நிலத்துக்கு நிலம் வேறுபட்டது.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், மலைக்குளிரில் நாய்க்கூட்டத்தை ஏவி மரையைத் துரத்தினார். ஓடிக் களைத்த மரை ஆற்றில் இறங்கி எதிர்த்து நிற்கும். ஆங்கு அவர் கத்தி கொண்டே அதனைக் கொன்றார்.

வெப்பம் மிக்க வன்னிக் காட்டுக்கு இம்முறை பொருந்தாது. வைகாசி முதல் ஆவணி வரை அங்கு மழை அரிது, சிறுகுளங்கள் வற்றும். மரையோ பகலில் அடர்காட்டில் மறைந்திருந்து இரவில் நீருண்ண வருவது, மோப்பத்திற் கூரியது. ஆதலின், எஞ்சிய நீர்நிலையின் அருகே, விலங்கு வரும் திசையிலிருந்து காற்றுத் தன்பால் வீசுமாறு இடந்தேர்ந்து பதுங்கியிருத்தலே வேடனுக்கு ஏற்ற வழியாயிற்று. மலையில் விரைவு பெற்ற இடத்தை இங்குப் பொறுமை பெற்றது.

எனினும் இம்முறையின் கொடுமையை மறத்தலாகாது. நாய்க்குத் தப்பி ஓடலாம். தாகத்துக்குத் தப்ப இயலாது. கோடையில் ஒரே குளத்தை நாடும் விலங்குகள் ஒருங்கே அழிதல் கூடும். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்கு வரம்பு விதித்ததன் தேவையை இதனால் உணரலாம்.