சிறுகளமும் பெருங்களமும்
(அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளரின் இடப்பெயர்ச்சி வரலாறு)

விளையாட்டுக்களுட் பெரும்பாலானவற்றின் தோற்றம் வரலாற்றாசிரியனுக்கு எட்டாதது. கூடைப்பந்தாட்டமோ ஆண்டும் திங்களும் இடமும் ஆக்கியோன் பெயரும் ஐயமற அறியப்பட்டது. 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, கிறித்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா தேசத்தவர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஆடவியலாத பதினெட்டு மாணவரை மண்டபத்தினுள்ளே ஆடச் செய்யும் பொருட்டுப் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அக்கல்லூரியிற் பயின்ற ஹரி குறோ பக் என்பாரே 1920இற் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர் என்பது தமிழ் வாசகர் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆட்டத்தை ஆக்கியவரே முதலில் இடம்பெயர்ந்தவருமாவர். 1898இல் நெய்ஸ்மித் கன்சாஸ் சர்வகலாசாலைக்குச் சென்றார். சென்றது பந்தாட்டம் பயிற்றுதற்கன்று. வழிபாட்டு மண்டபத்துக்கும் உடற்பயிற்சிக்கும் பொறுப்பாளராகவே அவர் அழைக்கப்பட்டார். அணியை ஆடவைத்தது உபதொழில். அவர் காலத்தில் கன்சாஸ் அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அச்சர்வகலாசாலையின் பயிற்றுவிப்பாளர் வரிசையில் வெற்றியினுந் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே என்பது விந்தையான செய்தி. அதனால் அவருடைய வேதனத்துக்கோ மதிப்புக்கோ குறை நேரவில்லை. பயிற்றுவிப்பாளர் ஓர் ஆசிரியர் என்றே கருதப்பட்ட காலம் அது.

அவர் மாணவர் பொக் அலன் வாறன்ஸ்பேர்க் என்னும் ஊரின் ஆசிரிய கலாசாலையில் ஏழாண்டு பணியாற்றி, 1919இற் கன்சாசுக்கு மீண்டு, 1956இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லுதல் புதிய வழக்கமன்று என்பதற்கு இதுவே போதிய சான்று. ஆயினும் அக்காலத்திற் பெரியது என்பதன் பொருள் வேறு. அதனை விளங்குதற்குக் 'கொன்பரன்ஸ்' எனப்படும் கூட்டுக்களின் அமைப்பை அறிதல் வேண்டும்.

தனித்தனியே போட்டியிட்டு வந்த கல்லூரிகள், ஒழுங்கும் அட்டவணையும் கருதித் தம்முட் சிலசிலவாக இணைந்தன. 1896இல் ஏழு சர்வகலாசாலைகள் சிக்காகோவிற் கூடி அமைத்த கூட்டே பின்னர் 'பெரும் பத்து' எனப் பெயர்பெற்றது. (2024 முதல் அதில் அங்கம் வகிப்பன பதினெட்டு. பெயரை மாற்ற எவரும் முனைந்திலர்.) இவ்வாறு நாடெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட கூட்டுக்கள் எழுந்தன. பெரிய மாநிலச் சர்வகலாசாலைகள் ஒருபுறம் திரண்டன. ஆசிரிய கலாசாலைகளும் சிறு சமயக் கல்லூரிகளும் மறுபுறம் நின்றன. 1939இல் எட்டு அணிகளுடன் தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கிற்று. 1985இல் அது 64 அணிகளாயும் 2011இல் 68 அணிகளாயும் விரிந்தது. சிறுகூட்டின் வீரர் பெருங்கூட்டின் வீரரைச் சந்திக்கும் களம் இதுவே. சிறுகல்லூரிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரைப் பெரியோர் கண்டு விலைபேசும் சந்தையும் இதுவே எனின் மிகையன்று.

இடப்பெயர்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜோன் வூடன் என்பார். உயர்தரப் பாடசாலையொன்றில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே அணியையும் பயிற்றிய அவர், 1946இல் தெறெ ஹோற் நகரத்து இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியிற் பொறுப்பேற்றார். 1947இற் சிறுகல்லூரிகளுக்கான தேசியப் போட்டிக்கு அவர் அணி அழைக்கப்பட்டது. அணியில் கிளாறன்ஸ் வோக்கர் என்னும் கறுப்பின மாணவர் ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர் அப்போட்டியில் ஆடலாகாது என்பது விதி. வூடன் அழைப்பையே மறுத்தார். அடுத்த ஆண்டு விதி மாற்றப்பட, வோக்கர் ஆடினார். அணி இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. அணியின் கடைநிலை மாணவன் ஒருவனுக்காகப் பட்டம் பெறும் வாய்ப்பைத் துறந்த இச்செயலுக்கு, அவர் பின்னர் ஈட்டிய பட்டங்களுக்குள்ள புகழ் இல்லை. ஆயினும் அவற்றிற் குறைந்ததன்று.

1948இல் அவரை நாடி வந்தவை இரண்டு: பெரும் பத்தைச் சேர்ந்த மினசோற்றா, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்ணியாச் சர்வகலாசாலை. அவர் மனம் மினசோற்றாவையே விழைந்தது. குறித்த மாலை மினசோற்றாவிலிருந்து வரவேண்டிய தொலைபேசி அழைப்பு, பனிப்புயலாற் கம்பிகள் அறுந்தமையின் வரவில்லை. பின்னர் கலிபோர்ணியாவின் அழைப்பு வந்தது, வூடன் உடன்பட்டார். சிறிது நேரங் கழித்து மினசோற்றா பேசியபோது, கொடுத்த வாக்கை மீறேன் என்று விட்டார். வூடன் தாமே பலமுறை கூறிய செய்தி இது. இரண்டாண்டு கழிந்தபின் அவர் பயின்ற பேர்டூச் சர்வகலாசாலை அவரை அழைத்தது. செல்ல விரும்பிய அவரிடம், மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டுமென்று கேட்டவர் தாமேயன்றோ என்று கலிபோர்ணியா அதிகாரிகள் நினைவூட்டினர். அவர் தங்கினார். தங்கிய பின்னும் முதற் தேசியப் பட்டம் வருதற்கு 1964 வரை, பதினாறாண்டு செல்லவேண்டியிருந்தது. 1975இல் ஓய்வுபெற்றபோது பட்டங்கள் பத்து. அவருடைய ஆண்டு வேதனம் ஒருபோதும் 35,000 டொலரைக் கடக்கவில்லை. இக்காலத்தில் எந்தச் சர்வகலாசாலை பதினாறாண்டு பொறுத்திருக்கும்?

வாயில்கள் எல்லார்க்கும் ஒருங்கே திறந்திருக்கவில்லை. ஜோன் மக்லெண்டன் என்னும் கறுப்பினத்தவர் 1930களிற் கன்சாசில் நெய்ஸ்மித்தின் கீழேயே உடற்கல்வி பயின்றார். ஆட்டத்தை ஆக்கியவரிடம் அதனைக் கற்க அவருக்கு உரிமை இருந்தது. அச்சர்வகலாசாலை அணியில் ஆடுதற்கு இருந்ததில்லை. 1940 முதல் வட கரோலினாவின் டேர்ஹம் நகரத்துக் கறுப்பினக் கல்லூரியில் அவர் விரைவாட்ட முறையொன்றை வளர்த்தார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, அதே நகரத்து டியூக் சர்வகலாசாலையின் மருத்துவ மாணவர் அணியோடு, கதவுகளைத் தாழிட்டுப் பார்வையாளரின்றி ஓர் ஆட்டம் நடந்தது. நிறச்சட்டம் அதனைத் தடுத்திருந்தமையால் அவ்வாறு செய்தனர். மக்லெண்டனின் அணி 88க்கு 44 என வென்றது. பின்னர் தென்னசியின் கறுப்பினக் கல்லூரியொன்றை 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து சிறுகல்லூரித் தேசியப் பட்டத்துக்கு உயர்த்தினார். இத்தகைய பெறுபேறுடைய வெள்ளையர் ஒருவருக்குப் பெருங்கூட்டுக்களின் கதவு தானே திறந்திருக்கும். மக்லெண்டனுக்கு 1966இற்றான் கிளீவ்லன்ட் மாநிலச் சர்வகலாசாலை இடமளித்தது. வெள்ளையர் மிகுந்த சர்வகலாசாலையொன்றிற் பயிற்றுவிப்பாளரான முதற் கறுப்பினத்தவர் அவரே. இடப்பெயர்ச்சியை நன்றிக்கேடு என்று பழிப்போர், இடம்பெயரவே விடப்படாதவரின் வரலாற்றையும் நோக்குதல் தகும். 1985இல் நோலன் றிச்சட்சன் துல்சாவை விட்டு ஆர்க்கன்சோவுக்குச் சென்றபோது தென்மேற்குக் கூட்டில் அவரே முதற் கறுப்பினப் பயிற்றுவிப்பாளர். 1994இல் ஆர்க்கன்சோ தேசியப் பட்டம் பெற்றது.

தொலைக்காட்சி வந்தபின் பணமே அளவுகோலாயிற்று. 2010இல் தேசியச் சுற்றுப்போட்டியின் ஒளிபரப்புரிமை பதினான்காண்டுக்கு 10.8 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. அப்பணத்தின் ஒரு பகுதி பங்கு முறையிற் கூட்டுக்களுக்குச் சேரும். இறுதியாட்டம் நீங்கலாக, ஓரணி சுற்றுப்போட்டியில் ஆடும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அதன் கூட்டு ஒரு பங்கு பெறும். ஒரு பங்கு ஆறாண்டில் ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் தரும். கூட்டின் வாகையர் மட்டுமே செல்லும் சிறுகூட்டுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேற் கிடைத்தல் அரிது. 2025இல் தென்கிழக்குக் கூட்டின் பதினாறு அணிகளிற் பதினான்கு சுற்றுப்போட்டிக்குச் சென்றன. உள்ளவர்க்கே மேலும் சேருகின்றது. சிறுகூட்டிற் பணிபுரியும் பயிற்றுவிப்பாளர், ஆண்டு முழுதும் வென்றும் கூட்டின் இறுதியாட்டத்தில் ஒருநாட் சறுக்கினால் எல்லாம் இழப்பர். பெருங்கூட்டில் இருப்பவர் பத்துமுறை தோற்றும் உட்செல்லலாம். பேராசை மட்டுமே காரணம் என்று கூறுவது அறியாமை.

ஒப்பந்தங்களும் இதற்கேற்ப வளர்ந்தன. காலம் முடியுமுன் செல்லும் பயிற்றுவிப்பாளர் ஈட்டுத் தொகை கட்டவேண்டும். பெரும்பாலும் அழைத்துக்கொள்ளும் சர்வகலாசாலையே அதனைச் செலுத்திவிடும். ஆகவே ஒப்பந்தம் பிணிப்பன்று, விலைச்சீட்டு. 2019இற் கென்ரக்கி தன் பயிற்றுவிப்பாளர் ஜோன் கலிபாரிக்குப் பத்தாண்டுக்கு 86 மில்லியன் டொலர் ஒப்பந்தம் வழங்கிற்று. 'வாழ்நாள் ஒப்பந்தம்' என்று அதனைப் போற்றினர். 2024இல் அவர் ஆர்க்கன்சோவுக்குச் சென்றார்.

சென்றவர் வாழ்வும் தங்கியவர் வாழ்வும் எவ்வாறாயின என்பதற்கு வாஷிங்ரன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரத்துக் கொன்சாகாவின் வரலாறு தனிச்சிறப்புடையது. இயேசு சபையாரின் இச்சிறு சர்வகலாசாலை 1999 சுற்றுப்போட்டியில் மினசோற்றாவை வென்று தொடங்கி இறுதி எட்டு அணிகளுள் ஒன்றாயிற்று. தோற்ற மினசோற்றாவே வென்ற பயிற்றுவிப்பாளர் டான் மொன்சனை அழைத்துக்கொண்டது. (வூடனைத் தவறவிட்ட அதே மினசோற்றாதான்.) அவர் இடத்துக்குத் துணைவர் மார்க் பியூ வந்தார். மொன்சன் மினசோற்றாவில் எட்டாம் பருவத்தின் தொடக்கத்தில் விலக நேர்ந்தது. பின்னர் கலிபோர்ணியாவின் லோங் பீச் மாநிலச் சர்வகலாசாலையிற் பதினேழு பருவம் பணியாற்றினார். 2024இல் அங்கும் அவரை விலக்குவதாக அறிவித்தனர். அறிவித்த வாரத்திலேயே அவர் அணி கூட்டின் பட்டத்தை வென்று தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதி பெற்றது! அவ்வாண்டே கிழக்கு வாஷிங்ரன் சர்வகலாசாலை அவரை ஏற்றது. அது ஸ்போக்கேனுக்கு அண்மையிலுள்ளது. பியூவோ 1999 முதல் பெருங்கூட்டுக்களுக்குச் செல்லாது கொன்சாகாவிலேயே நின்றார். 2017இலும் 2021இலும் தேசிய இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டு சென்றார். இரண்டிலும் தோல்வியே. 6,000 பேர் அமரும் அரங்கமும் நாடறிந்த பெயரும் அங்கே எழுந்தன. தங்குதற்கும் ஊதியம் உண்டு எனலாம். அது எல்லா ஊரிலும் கிடைப்பதன்று.

றையன் ஓடம் என்பாரின் செலவு வேறுவகைத்து. கடைத்தர வரிசையான பதினாறாம் இடத்து அணி முதலிடத்து அணியை வென்ற வரலாறு 2018 வரை இருந்ததில்லை. 135 ஆட்டமும் தோல்வியே. அவ்வாண்டு மேரிலன்டின் பல்ரிமோர் வளாகத்து அணி வேர்ஜீனியாவை 74க்கு 54 என வீழ்த்திற்று. பயிற்றுவிப்பாளர் ஓடம் 2021இல் யூற்றா மாநிலத்துக்கும், 2023இல் வேர்ஜீனியாப் பொதுநலச் சர்வகலாசாலைக்கும், 2025இல் தாம் வீழ்த்திய வேர்ஜீனியாவுக்குமே சென்றார். அவர் தந்தையார் முன்னொருகால் அங்கே துணைப் பயிற்றுவிப்பாளராயிருந்தவர்.

இவ்வளவிலும் மாணவர் நிலை யாது? நெடுங்காலம் நீதி ஒருபாற் கோடியே இருந்தது. பயிற்றுவிப்பாளர் இன்று விலகி நாளை வேறிடத்துப் பணி தொடங்கலாம். அவரை நம்பிச் சேர்ந்த மாணவன் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாது இருத்தல் வேண்டும். தன்னை அழைத்தவர் போனபின்னும் அவன் கட்டுண்டே கிடந்தான். 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றும், 2024இல் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது. 2021 முதல் தம் பெயரையும் உருவையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருளீட்டவும் மாணவர் உரிமை பெற்றனர். நீதி நிமிர்ந்தது, அதன் விலையைச் சிறுகல்லூரிகளே கொடுத்தன. முன்னர் பயிற்றுவிப்பாளர் ஒருவரே சென்றார். இப்போது அணியே உடன் செல்லுகின்றது. பென் மக்கொலம் மிசூரி மாநிலத்துச் சிறுகல்லூரியொன்றில் நான்கு பட்டம் பெற்று, 2024இல் டிறேக்குக்கும் அடுத்த ஆண்டே அயோவாவுக்கும் பெயர்ந்தபோது மாணவர் சிலர் இருமுறையும் அவர்பின் சென்றனர். 2025 சுற்றுப்போட்டியில் எஞ்சிய பதினாறு அணிகளும் நான்கே பெருங்கூட்டுக்களைச் சேர்ந்தவையாயிருந்தன.

வூடன் பணியாற்றிய தெறெ ஹோற் கல்லூரி பிற்காலத்தில் இந்தியானா மாநிலச் சர்வகலாசாலையாயிற்று. 1948இல் அவர் சென்றபின் மாணவர் சிதறவில்லை. 1950இல் ஜோன் லோங்பெலோவின் கீழ்ச் சிறுகல்லூரித் தேசியப் பட்டத்தையே வென்றனர். 2024இல் அதன் அணி 28 ஆட்டங்களில் வென்றும் கூட்டின் இறுதியாட்டத்தில் தோற்றமையாற் பெருஞ்சுற்றுப்போட்டிக்கு அழைக்கப்படவில்லை. இரண்டாந்தரச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் 79க்கு 77 எனத் தோற்றது. சின்னாளிற் பயிற்றுவிப்பாளர் ஜோஷ் ஷேர்ற்ஸ் செயின்ற் லூயிஸ் சர்வகலாசாலைக்குச் சென்றார். முதல் ஐவருள் இருவர் அவரைப் பின்பற்றினர். மற்றை மூவரும் பெருங்கூட்டுக்களின் அணிகளிற் சேர்ந்தனர். துணைவராயிருந்த மத்தியூ கிறேவ்ஸ் தலைமையேற்றபோது அவ்வைவருள் ஒருவரும் தெறெ ஹோற்றில் இல்லை.